நாட்டுத் தலைவருக்கான அன்றாட வெளிநாட்டுக் குறிப்பு: வாசிக்கவும் எழுதவும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசிப்புக் குழு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறது. வெளிநாடுகளின் அரசியல் மாற்றங்களைப் பற்றி ஒரு நாட்டுத் தலைவருக்கு அவருடைய உளவுத்துறையினர் நாள்தோறும் எழுதிக் கொடுத்த குறிப்புகளில், இரகசிய முத்திரை நீக்கப்பட்டு எல்லாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டவற்றை நாங்கள் வரிவரியாக வாசிக்கிறோம். பிறகு அதே முறையில் நாங்களும் எழுதிப் பழகுகிறோம். புதிதாக வரும் இளையோர் பலர், உளவு என்ற சொல்லைக் கேட்டு மர்மக் கதையை எதிர்பார்த்து வந்து, முதல் பக்கத்தின் வறண்ட நடையைக் கண்டு சோர்ந்துபோகிறார்கள். அந்தச் சோர்வை எப்படிக் கடப்பது, கடந்தபின் எதைக் கவனிப்பது என்று அவர்களிடம் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி வந்ததையே இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், எந்தத் தாள்களை எடுப்பது என்பது தெரிய வேண்டும். தொடங்குவதற்கு ஏற்றவை அமெரிக்க அதிபர்களுக்காக அந்நாட்டு உளவு அமைப்பான சிஐஏ தயாரித்தவை. 1961 ஏப்ரலில் கியூபாவின் பிக்ஸ் வளைகுடாவில் சிஐஏ ஏற்பாடு செய்த படையெடுப்பு தோற்ற பிறகு, நாலா பக்கத்திலிருந்தும் வந்து குவியும் காகிதங்களுக்குப் பதிலாகத் தேவையானது மட்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை அதிபர் கென்னடியின் தரப்பிலிருந்து எழுந்தது. அதன்படி சிஐஏயைச் சேர்ந்த ரிச்சர்ட் லேமன் உருவாக்கிய ஏழு பக்கச் சிறு ஏடு 1961 ஜூன் 17 அன்று கென்னடியின் கைக்குச் சென்றது. அதில் இரண்டு வாக்கியங்களைத் தாண்டாத 14 செய்திகளும், சற்றே நீண்ட ஆறு குறிப்புகளும், சில வரைபடங்களும் இருந்தன. ஜான்சன் அதிபரானபின், அவர் படிக்கும் வழக்கத்திற்கு ஏற்ப 1964 டிசம்பர் 1 முதல் அது 'அதிபருக்கான அன்றாடக் குறிப்பு' என்ற பெயரில் புதிய வடிவம் பெற்றது. கென்னடி, ஜான்சன் காலத்துக் குறிப்புகளில் சுமார் 2,500 ஆவணங்கள் 2015 செப்டம்பரிலும், நிக்சன், ஃபோர்டு காலத்தவற்றில் ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலானவை 2016 ஆகஸ்டிலும் வெளியிடப்பட்டன. சிஐஏயின் இணைய வாசிப்பறையில் தேதியைக் கொடுத்துத் தேடினால் கட்டணமின்றிக் கிடைக்கும். கைப்பேசியிலேயே படிக்கலாம் என்றாலும், ஒரு நாளுக்கான குறிப்பைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு வருவதே நல்லது, ஏனெனில் அடுத்து நாம் செய்யப்போவது அதன்மேல் கோடு போடுவது.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது நம் வட்டாரத்து நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஓரளவு தெரிந்த நிகழ்ச்சியை, அப்போது அதன் முடிவு தெரியாமல் எழுதியவர்களின் கண்ணால் பார்ப்பதில்தான் பயிற்சியே இருக்கிறது. 1963 செப்டம்பர் 16 மலேசியா அமைந்த நாள், 1964 செப்டம்பர் 2 இந்தோனேசியப் படையினர் ஜொகூரின் லாபிஸ் பக்கம் வான்குடையில் இறங்கிய நாள், 1965 ஆகஸ்ட் 9 சிங்கப்பூர் பிரிந்த நாள், 1965 அக்டோபர் 1 ஜகார்த்தாவில் தளபதிகள் கொல்லப்பட்ட நாள், 1969 மே 13 கோலாலம்பூரில் இனக் கலவரம் வெடித்த நாள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும்.

இங்கே பலர் தடுக்கி விழும் ஒரு கணக்கு உண்டு. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1981 முடியும் வரை கிரீன்விச் நேரத்திற்கு ஏழரை மணி முன்னால்தான் இருந்தது. இன்றைய எட்டு மணிக் கணக்கு 1982 ஜனவரி 1 அன்று வந்தது. கோடைக்காலத்தில் வாஷிங்டன் கிரீன்விச்சுக்கு நான்கு மணி பின்னால் இருக்கும் என்பதால், இரண்டுக்கும் இடைவெளி பதினொன்றரை மணி. சிங்கப்பூரின் பிரிவு காலை பத்து மணிக்கு அறிவிக்கப்பட்டபோது வாஷிங்டனில் முந்திய நாள், அதாவது ஞாயிற்றுக்கிழமை, இரவு பத்தரை மணி. குறிப்பு திங்கள் முதல் சனி வரைதான் தயாரிக்கப்பட்டது. ஆகவே திங்கட்கிழமைத் தாளிலிருந்து தேடத் தொடங்கி, அதற்கு முந்திய வாரத்துத் தாள்களில் ஏதேனும் முன்னறிகுறி எழுதப்பட்டிருக்கிறதா என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். மே 13 கலவரம் மாலை ஆறு மணியை ஒட்டிக் கோலாலம்பூரில் வெடித்தபோது வாஷிங்டனில் அதே நாள் காலை ஆறரை. இந்தக் கணக்கைப் போடாமல், "அன்றைய தாளில் ஒன்றுமே இல்லை, அவர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள்" என்று தீர்ப்புச் சொல்வது அந்த எழுத்தாளர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இனி வாசிப்பு. மூன்று நிறப் பேனாக்கள் வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது என்று உறுதியாகச் சொல்லப்படுவதற்கு நீலக் கோடு. இன்னார் சொன்னார், இந்த வழியாக வந்தது என்பதற்குப் பச்சைக் கோடு. எழுதியவர் தாமே எடை போட்டுச் சொல்வதற்குச் சிவப்புக் கோடு. ஐந்து வரிச் செய்தி ஒன்றை இப்படிப் பிரிப்பதற்குப் புதியவர்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகிறது, ஏனெனில் மூன்றும் ஒரே வாக்கியத்தில் பின்னிக் கிடக்கும். பின்னலை அவிழ்த்தபின்தான், உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்பது கண்ணில் படும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த வேலையில் ஒரு பிறவிச் சலுகை இருக்கிறது. "அவர் பதவி விலகிவிட்டார்" என்பதற்கும் "அவர் பதவி விலகிவிட்டாராம்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் பாட்டிமார்களும் பிசகாமல் காத்தார்கள். அந்த 'ஆம்' என்ற ஓரசை, இது நான் கண்டதில்லை, கேட்டது என்று சொல்லிவிடுகிறது. எழுத்துத் தமிழுக்கு வரும்போதுதான் நாம் அதை விட்டுவிட்டு "என்று கூறப்படுகிறது", "என்று தெரிகிறது" என்று எழுதி, கூறியவர் யார், தெரிந்தது யாருக்கு என்பதை மறைத்துவிடுகிறோம். எங்கள் குழுவின் பயிற்சித் தாள்களில் இவ்விரண்டு தொடர்களுக்கும் இடமில்லை. சொன்னவரின் பெயரைச் சொல்ல முடியாவிட்டாலும், அவர் நிகழ்ச்சியை நேரில் கண்டவரா, கண்டவரிடம் கேட்டவரா, இதற்கு முன் அவர் சொன்னது சரியாக இருந்ததா என்பவற்றையாவது எழுத வேண்டும்.

மூலத்தைப் பற்றிய பாடத்தை நான் கற்றது தோட்டத்தில். என் தந்தை ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தார். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் லயத்தை, அதாவது தோட்டக் குடியிருப்பை, விட்டுப் பெட்டியும் படுக்கையுமாக வெளியேறிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பட்டணத்தில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தத் துயரத்தைக் கண்டுதான். ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில் (வேலைக்குமுன் பெயர் கூப்பிடும் இடத்தில்) மூன்று பேர், தனித்தனியாக, நம் தோட்டமும் விலைபோய்விட்டது என்று தந்தையிடம் சொன்னார்கள். மூன்று பேர் சொன்னதால் அவர் நம்பினார். வீட்டில் அம்மா அழுதார். மாலையில் விசாரித்தபோது, மூவரும் ஒரே லாரி ஓட்டுநரிடம் கேட்டவர்கள் என்பதும், அந்த ஓட்டுநர் பக்கத்துத் தோட்டத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பதும் தெரியவந்தன. வாய் மூன்று, செய்தி ஒன்று. இதே பிழை உலக அளவில் நடந்திருக்கிறது. ஈராக்கிடம் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் இருப்பதாக 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் சொன்னதற்குப் பெரும் ஆதாரமாக இருந்தவர், ஜெர்மனியில் அடைக்கலம் கேட்டிருந்த ஒரே ஈராக்கியர். 'கர்வ்பால்' என்ற குறிப்பெயர் கொண்ட அவருடைய பேச்சு பல அறிக்கைகளாக வந்ததால் பல ஆதாரங்கள் இருப்பதுபோல் தோன்றியது. அவர் சொன்னவை பொய் என்பது போருக்குப் பின்னரே உறுதியாயிற்று. ஆகவே பச்சைக் கோடு போட்ட இடங்களையெல்லாம் எண்ணும்போது, எத்தனை முறை சொல்லப்பட்டது என்பதை விட்டுவிட்டு, எத்தனை ஊற்றுகளிலிருந்து வந்தது என்பதை எண்ணுங்கள்.

அடுத்தது சிவப்புக் கோடு. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இதில்தான்.

1951 மார்ச்சில் சிஐஏயின் மதிப்பீட்டு அறிக்கை ஒன்று, அந்த ஆண்டில் யூகோஸ்லாவியா தாக்கப்படுவதைக் 'கருத்தில் கொள்ள வேண்டிய சாத்தியம்' என்ற பொருள்படும் சொற்களால் குறித்தது. அதை மேற்பார்த்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட்டிடம் வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர், அந்தச் சொற்களால் நீங்கள் எவ்வளவு வாய்ப்பைக் குறித்தீர்கள் என்று கேட்டார். தாக்குதல் நடக்க 65, நடக்காமலிருக்க 35 என்றார் கென்ட். கேட்டவர் திடுக்கிட்டார், அவர் அதைவிட மிகக் குறைவாகவே எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு கென்ட் தம் சகாக்களை விசாரித்தபோது, அதே அறிக்கைக்குக் கையொப்பமிட்டவர்களில் ஒருவர் 80-க்கு 20 என்றும், இன்னொருவர் 20-க்கு 80 என்றும் மனத்தில் வைத்திருந்தது தெரிந்தது. எல்லாரும் ஒரே சொல்லுக்கு ஒப்புக்கொண்டார்களே தவிர, ஒரே கருத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. இதனால்தான் கென்ட், ஒவ்வொரு மதிப்பீட்டுச் சொல்லுக்கும் ஓர் எண் அளவு வேண்டும் என்று 1964-இல் எழுதினார். 'ஏறக்குறைய உறுதி' என்றால் 93 விழுக்காடு, 'அநேகமாக' என்றால் 75, சமவாய்ப்பு என்றால் 50, 'அநேகமாக இல்லை' என்றால் 30, 'இல்லையென்பது ஏறக்குறைய உறுதி' என்றால் 7. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சிறிது இடம் விட்டிருந்தார். இன்று அமெரிக்க உளவு அமைப்புகளுக்குப் பொதுவான 203-ஆம் எண் நெறிமுறையிலும் இப்படியொரு அளவுகோல் இருக்கிறது.

தமிழில் எழுதும்போது இந்த ஆபத்து இன்னும் பெரிது. நம்முடைய 'லாம்' என்ற விகுதி ஒரே மூச்சில் அனுமதி, சாத்தியம், யோசனை மூன்றையும் சொல்லும். "ஆட்சி கவிழலாம்" என்று ஒருவர் எழுதினால் அது நூற்றுக்குப் பத்தா, எழுபதா என்று தலைவருக்கு எப்படித் தெரியும்? 'கூடும்' என்பதும் அப்படியே. எங்கள் குழுவில் கென்ட்டின் எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு, ஐந்து தமிழ்த் தொடர்களை மட்டும் வைத்திருக்கிறோம்: நடப்பது ஏறக்குறைய உறுதி, அநேகமாக நடக்கும், நடக்கவும் நடக்காமலிருக்கவும் சம வாய்ப்பு, அநேகமாக நடக்காது, நடக்காதென்பது ஏறக்குறைய உறுதி. எவரேனும் 'லாம்' போட்டு எழுதினால், பக்கத்தில் இருப்பவர் "எத்தனை விழுக்காடு?" என்று கேட்க வேண்டும். முதலில் எழுதியவருக்குக் கோபம் வரும். இரண்டு மாதத்தில் அவரே கேட்கத் தொடங்கிவிடுவார்.

எண்ணைச் சொன்னபின், அந்த எண்ணுக்கு எவ்வளவு அடிப்படை இருக்கிறது என்பதைத் தனி வாக்கியத்தில் எழுதுங்கள். மூன்று தனி ஊற்றுகளை வைத்து 75 என்பதும், ஒரு வானொலிச் செய்தியை மட்டும் வைத்து 75 என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் படிப்பவர் குழம்பிவிடுவார்.

தெளிவில்லாத வாக்கியத்தின் விலை என்ன என்பதற்கு எங்கள் ஊரைவிடத் தூரம் போக வேண்டியதில்லை. 1948 ஜூன் 14 தேதியிட்ட அறிக்கை ஒன்றில், ஆங்கிலேய ஆட்சியின் உளவு அமைப்பான மலாயாப் பாதுகாப்புச் சேவையின் தலைவர் ஜான் டாலி, மலாயாவின் உள்நாட்டுப் பாதுகாப்புக்கு உடனடி அச்சுறுத்தல் இல்லை, ஆயினும் நிலைமை ஓயாமல் மாறிவருகிறது, அது ஆபத்தாக முடியக்கூடியது என்ற கருத்தில் எழுதினார். இரண்டாம் நாள், ஜூன் 16 காலையில், சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில் தோட்டத்தில் வாக்கர் என்ற நிர்வாகியும், பின் சூன் தோட்டத்தில் அலிசன், கிறிஸ்டியன் என்ற இருவரும் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றே பேராவிலும் ஜொகூரிலும் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 18-ஆம் தேதி மலாயா முழுவதற்கும் விரிந்தது. இது உள்நாட்டு விவகாரம்தான். அறிக்கையைப் பெற்றவர்கள் வேற்று நாட்டிலிருந்து வந்து நம்மை ஆண்டவர்கள். ஆனாலும் அந்த வாக்கியத்தை மூன்று பேனாக்களோடு படித்துப் பாருங்கள். முற்பாதியைப் பிடித்துக்கொண்டால் எதுவும் செய்ய வேண்டாம். பிற்பாதியைப் பிடித்துக்கொண்டால் இன்றே செய்ய வேண்டும். நிகழ்ச்சிக்குப் பிறகு எச்சரித்தேன் என்றும் சொல்லிக்கொள்ளலாம், எச்சரிக்கவில்லை என்று குற்றமும் சாட்டலாம். எப்போதும் பொய்யாகாத வாக்கியம் எவருக்கும் பயன்படாது. டாலி அதற்கு முன் கம்யூனிஸ்டுகளைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதியவர். அவரை அறியாதவர் என்று சொல்ல முடியாது. அறிந்ததை எடை போட்டு எண்ணாக நிறுத்தாததே குறை. அந்தச் சேவை அதே ஆண்டில் கலைக்கப்பட்டு, அதன் பணி காவல்துறையின் சிறப்புப் பிரிவுக்குச் சென்றது.

எடை போடுவதில் இன்னொரு பிழை, பிறரை நம்மைப்போலவே நினைப்பது. 1962 செப்டம்பர் 19 அன்று கென்ட்டின் குழுவே, சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைக்காது என்ற முடிவுக்கு வந்தது. அவ்வளவு பெரிய அபாயத்தை அறிவுள்ளவர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது அதன் அடிப்படை. அக்டோபர் 14 அன்று உளவு விமானம் எடுத்த படங்களில் ஏவுகணைத் தளங்கள் இருந்தன. சொற்களுக்கு எண் வேண்டும் என்று கற்பித்த மனிதரே சறுக்கிய இடம் இது என்பதால், புதியவர்களிடம் இதைத் தவறாமல் சொல்வேன். மற்றொன்று, நேற்றுப்போலவே நாளையும் இருக்கும் என்ற நம்பிக்கை: ஈரான் புரட்சி நிலையிலோ புரட்சிக்கு முந்திய நிலையிலோகூட இல்லை என்று சிஐஏ 1978 ஆகஸ்டில் மதிப்பிட்டது, 1979 ஜனவரியில் அந்நாட்டு மன்னர் ஷா நாட்டை விட்டு வெளியேறினார்.

வாசிக்கும்போது வெறுமையாக விடப்பட்ட இடங்களைக் காண்பீர்கள். தகவல் தந்தவரையும் தகவல் பெற்ற வழியையும் காப்பதற்காக அவை ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நீக்கப்பட்டிருக்கின்றன. அங்கே எந்தப் பெயர் இருந்திருக்கும் என்று எழுத்தெண்ணி ஊகிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இனி நீங்களே எழுதும் கட்டம். பொதுவில் கிடைக்கும் செய்திகளை மட்டும் வைத்து, நம் பிரதமருக்கு ஓர் அயல்நாட்டு நிகழ்ச்சியைப் பற்றி நூறு சொற்களுக்குள் எழுதுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நம் பட்டணத்து வாழ்வைத் தொடும் நிகழ்ச்சியாக இருந்தால் கை எளிதில் ஓடும். எங்கள் முதற்பயிற்சி எப்போதும் 2022-இல் இந்தோனேசியா செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஏற்றுமதியைத் தடை செய்ததைப் பற்றியது. ஏப்ரல் 26 தேதியிட்டதாக வைத்து நான் எழுதிக் காட்டும் மாதிரி இது:

"சமையல் எண்ணெயையும் அதன் மூலப்பொருளையும் ஏப்ரல் 28 முதல் ஏற்றுமதி செய்வதற்குத் தடை என்று இந்தோனேசிய அதிபர் 22-ஆம் தேதி அறிவித்தார். தடை சுத்திகரித்த ஒலீனுக்கு (செம்பனை எண்ணெயின் நீர்மப் பகுதிக்கு) மட்டுமே என்று அரசின் பொருளாதார அமைச்சர் இப்போது சொல்கிறார். இரண்டும் பொருந்தவில்லை. நோன்புப் பெருநாளுக்கு முன் உள்நாட்டு விலையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி அதிபருக்கு இருப்பதால், தடை கச்சா செம்பனை எண்ணெய்க்கும் விரிவடையச் சம வாய்ப்பு உண்டு. எவ்வளவு விரிந்தாலும், சேமிப்புத் தொட்டிகள் நிரம்பிச் சிறு தோட்டக்காரர்களின் செம்பனைக் குலை விலை விழும் என்பதால், இரண்டு மாதங்களுக்குள் அது அநேகமாகத் தளர்த்தப்படும். சுமத்ராவில் குலை விலையும் சிறு தோட்டக்காரர்களின் போராட்டமும் கவனிக்கத் தக்கவை."

நடந்தது என்னவென்றால், ஏப்ரல் 27 அன்று தடை கச்சா எண்ணெய்க்கும் விரிக்கப்பட்டது. மே 19 அன்று விலக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டு, 23 முதல் விலகியது. முடிவு தெரிந்தபின் எழுதிய மாதிரி என்பதால் இதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. அமைப்பைக் காட்டுவதற்காகவே எழுதினேன். முதல் மூன்று வாக்கியங்களில் நீலமும் பச்சையும் மட்டுமே இருப்பதையும், முரண்பாட்டைப் பூசி மெழுகாமல் முரண்பாடு என்றே சொல்லியிருப்பதையும், நாம் என்ன செய்ய வேண்டும் என்ற யோசனை ஒரு வரிகூட இல்லாததையும் கவனியுங்கள். நம் ஏற்றுமதி வரியைக் குறைப்பதா, கூட்டுவதா என்பது மக்கள் வாக்களித்து அமர்த்தியவரின் பொறுப்பு. குறிப்பு எழுதுகிறவர் அதில் கைவைத்தால், தம் யோசனைக்கு ஏற்றபடி செய்தியையும் வளைக்கத் தொடங்கிவிடுவார். அந்த வளைவு அவருக்கே தெரியாது.

ஒரு சட்ட எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 1986-இல் செய்த திருத்தத்தின்படி, இரகசிய ஆவணங்களை வெளியிடுவது போன்ற குற்றங்களுக்கு ஓராண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு. யாராவது புலன (வாட்ஸ்அப்) குழுவில் முத்திரையிட்ட அரசாங்கத் தாளின் படத்தை அனுப்பினால், அதைப் பயிற்சிக்கு எடுத்து வராதீர்கள், வேறு எவருக்கும் அனுப்பாதீர்கள். வெளியிடப்பட்ட தாள்களே ஓர் ஆயுளுக்குப் போதும்.

எழுதிய ஒவ்வொரு குறிப்பையும் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, மூன்று மாதம் கழித்துத் திறக்க வேண்டும். 'அநேகமாக நடக்கும்' என்று எழுதிய நான்கில் மூன்று நடந்திருந்தால் உங்கள் அளவுகோல் சரியாக இருக்கிறது. நான்கும் நடந்திருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் அஞ்சியிருக்கிறீர்கள், இரண்டுதான் நடந்திருந்தால் துணிந்து பேசியிருக்கிறீர்கள். நான்கு குறிப்புகளை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதால், நாற்பது சேரும் வரை பொறுத்திருங்கள். தவறிய குறிப்பைக் கிழிக்காமல், எந்த ஊற்றை நம்பியதால் தவறியது என்பதை ஓரத்தில் எழுதுங்கள். என் நோட்டில் அப்படி எழுதிய ஓரங்கள் நிறைய இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் கேட்டால் முதலில் அந்தப் பக்கங்களைத்தான் படிக்கக் கொடுக்கிறேன்.